வெயில் இருக்கும்போதே ஏன் முடித்துவிடுகிறார்கள்? இங்கிலாந்து கிரிக்கெட் சீசனின் கடைசி வாரங்கள்

இங்கிலாந்தின் வட்டார அணிகளான கவுண்டிகளின் ஆட்டங்களை யூடியூப் நேரலையில் பார்க்கிறீர்கள். செப்டம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் வர்ணனையாளர்களின் குரல் தழைந்துபோகிறது என்கிறீர்கள். திரையில் நல்ல வெயில், மழையும் இல்லை, ஆட்டமும் சூடுபிடித்திருக்கிறது. அப்படியிருக்க அக்டோபரிலும் ஆடினால் என்ன, இந்தத் துக்கம் உண்மைதானா அல்லது பழகிப்போன பாவனையா என்பது உங்கள் கேள்வி. அதைப் பார்ப்பதற்கென்றே ஒருமுறை இங்கே வரலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் தென்கிழக்கு இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகக் கிளப் லீக் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பவன். சீசன் முடிந்ததும் எங்கள் கிளப்பின் மைதானப் பராமரிப்பிலும் கை கொடுப்பவன். அந்த இரண்டு வேலைகளில் தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

குளிர் வந்துவிடுகிறது, அதனால் நிறுத்துகிறார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது சரியில்லை. கவுண்டிகள் நாலு நாள் ஆட்டங்களில் மோதும் கவுண்டி சாம்பியன்ஷிப் ஏப்ரல் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது லண்டனில் பகல் வெப்பம் 13 டிகிரியைத் தொட்டாலே நல்ல நாள். செப்டம்பர் கடைசி வாரத்தில் சாதாரணமாக 18 டிகிரி இருக்கும். ஏப்ரலில் விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நிற்பவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். செப்டம்பரில் அதே ஆள் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். குளிர்தான் காரணமென்றால் தொடங்கும் தேதியைத்தான் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். மழையும் அப்படித்தான். இங்கே செப்டம்பரில் ஆகஸ்டைவிட அதிகமாக மழை பெய்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இந்தத் தென்கிழக்குப் பகுதியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாறுவது, பெய்த மழை காய எடுத்துக்கொள்ளும் நேரம். ஜூனில் ஒரு மழை விட்டால், காற்றும் வெயிலும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் மைதானத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். செப்டம்பர் கடைசியில் அதே அளவு ஈரம் பாதி நாளைத் தின்றுவிடும்.

உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் காரணம் வெளிச்சம். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது, லண்டன் ஐம்பத்தொன்றரை டிகிரி. சென்னையில் கோடைக்கும் மார்கழிக்கும் பகல் நேரத்தில் ஒன்றரை மணி நேரந்தான் வித்தியாசம் என்பதால் நமக்கு இது உடம்பில் உறைக்காது. லண்டனில் ஜூன் 21 அன்று இரவு 9.21 வரை சூரியன் மறைவதில்லை. செப்டம்பர் 23 அன்று ஏழு மணிக்குள் மறைந்துவிடுகிறது. அந்த வாரங்களில் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் பகல் குறைகிறது. ஒரு வாரத்தில் அரை மணி நேரம் போய்விடும். சாம்பியன்ஷிப்பில் ஒரு நாளுக்கு 96 ஓவர். ஒரு மணிக்குப் பதினாறு ஓவர் என்று கணக்கிட்டாலும் ஆறு மணி நேர ஆட்டம், உணவு இடைவேளையும் தேநீர் இடைவேளையும் சேர்ந்து இன்னொரு மணி நேரம். அதனால்தான் செப்டம்பரில் பதினொரு மணிக்குப் பதில் பத்தரைக்கே தொடங்குகிறார்கள். இதற்குமேல் முன்னால் இழுத்தால் காலைப் பனி விடாது. அக்டோபர் நடுவில் ஆறு மணி தாண்டியதுமே சூரியன் மறைகிறது, ஆடத் தகுந்த வெளிச்சம் அதற்கு வெகு முன்னரே போய்விடுகிறது. பகலின் நீளத்தை மட்டும் அளவாக வைத்துப் பார்த்தால் செப்டம்பர் 23-க்கு இணையான வசந்த கால நாள் மார்ச் 20. மார்ச் 20 அன்று யாரும் சாம்பியன்ஷிப் ஆட்டம் வைப்பதில்லை. அதாவது, சீசனின் கடைசி இரண்டு வாரங்களே கடன் வாங்கிய வாரங்கள்தான்.

நடுவராக நிற்பவனுக்கு இது கண்ணால் அளந்துகொள்ளும் விஷயம். செப்டம்பர் கடைசியில் மாலை ஐந்தே முக்கால் மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அந்தக் கோணத்தில் ஆறடி மனிதனின் நிழல் பத்து மீட்டர் நீளும். பிட்சின் நீளத்தில் பாதி. பொதுவாக இங்கே பிட்சை வடக்குத் தெற்காகப் போடுகிறார்கள், எனவே மட்டையாளரின் கண்ணில் வெயில் நேராக அடிக்காது. ஆனால் மேற்குப் பார்த்து நிற்கும் பீல்டருக்குப் பந்து வெளிச்சத்துக்குள் புகுந்து காணாமல் போய்விடும். கவர் திசையில் நிற்பவர் புருவத்துக்கு மேல் கையைக் கூரையாகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வருவதை ஒவ்வொரு ஓவரிலும் பார்க்கலாம். கிழக்கு மேற்காகப் பிட்ச் அமைந்த மைதானங்களில் பாடு இன்னும் மோசம். 2019 ஜனவரியில் நியூசிலாந்தின் நேப்பியரில் இந்திய அணி ஆடியபோது மறையும் சூரியனின் கூச்சத்தால் ஆட்டத்தையே நிறுத்தினார்களே, அது இதே பிரச்சினைதான்.

விளக்கைப் போட்டுக்கொண்டு ஆடலாமே என்று நீங்கள் எழுதியிருப்பதும் நியாயமான யோசனைதான். அதையும் செய்து பார்த்தார்கள். 2011 செப்டம்பரில் கேன்டர்பரியில் கென்ட், கிளமார்கன் கவுண்டிகள் இளஞ்சிவப்புப் பந்தில் பகலிரவு ஆட்டமாகவே ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தை ஆடின. 2017 ஜூனில் ஒரு முழுச் சுற்றையே அப்படி வைத்தார்கள். இரண்டும் வழக்கமாக நிலைக்கவில்லை. சிவப்புப் பந்து விளக்கொளியில் சரியாகத் தெரியாது என்பது ஒன்று. விளக்கு வெளிச்சத்தைத் தருமே தவிர ஈரத்தைக் காய வைக்காது என்பது இன்னொன்று. சேப்பாக்கத்தில் இரவு ஆட்டங்களில் பனி இறங்கியதும் சுழற்பந்து வீச்சாளர் பந்தைத் துண்டால் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே செப்டம்பர் கடைசியில் அந்தப் பனி இரவெல்லாம் இறங்குகிறது, காலை பத்து மணிக்கும் புல்லில் அப்படியே நிற்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் எல்லைக்கோடு வரை உருண்டு வரும் பந்து, தரையில் ஓர் இருண்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போகும். அந்த ஈரம் தோலில் ஏறினால் பந்து உப்பிக் கனத்துவிடும்.

இந்த இடத்தில் சந்தேகத்துக்கு உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் காற்றில் ஈரப்பதம் கூடுவதால் பந்து அதிகமாக ஸ்விங் ஆகிறது, அதாவது காற்றிலேயே வளைகிறது என்று இங்கே எல்லாரும் நம்புகிறார்கள், நானும் அதைக் கண்ணால் பார்த்ததாகவே நினைக்கிறேன். ஆனால் காற்றின் ஈரப்பதம் ஸ்விங்கைக் கூட்டுகிறது என்பதை ஆய்வகச் சோதனைகள் தெளிவாக நிறுவவில்லை. ஈரமான பிட்சில் பந்தின் தையல் பதிந்து திரும்புவது வேறு விஷயம், அதில் ஐயமில்லை. 1963-இல் தொடங்கிய ஒருநாள் போட்டியான ஜில்லெட் கோப்பையின் இறுதி ஆட்டங்களும், அதன் தொடர்ச்சியான நாட்வெஸ்ட் கோப்பையின் இறுதி ஆட்டங்களும் பெரும்பாலும் செப்டம்பர் முதல் வாரங்களில் லார்ட்ஸில் நடந்தன. அங்கே டாஸ் வென்ற தலைவர் பல முறை யோசிக்காமல் பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்ததற்குக் காலை ஈரமே காரணம்.

இரண்டாவது காரணம் தொலைக்காட்சியில் தெரியாது. எனக்கு அதுதான் முதன்மையானது. புல்லுக்கு நேரம் கொடுத்தாக வேண்டும். மைதானத்தின் நடுவில் பிட்ச்கள் வரிசையாக அமைந்திருக்கும் பகுதியை இங்கே ஸ்கொயர் என்பார்கள். ஏப்ரலிலிருந்து அதன்மேல் கனமான ரோலரை உருட்டியிருக்கிறோம், முள் காலணிகளால் மிதித்திருக்கிறோம், புல்லைத் தோலோடு ஒட்ட வெட்டியிருக்கிறோம். வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் விழும் இடத்தில் உள்ளங்கை ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். கடைசி ஆட்டம் முடிந்த அடுத்த நாளே வேலை தொடங்குகிறது. முதலில் இருக்கும் புல்லையும் அடியோடு வெட்டுவோம். பிறகு சுழலும் கத்திகள் கொண்ட இயந்திரம் மண்ணைக் கீறிக்கொண்டு போகும். மேலே படிந்திருக்கும் செத்த புல்லும் வேரும் பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாக வெளியே வரும். முதல் முறை அதைப் பார்ப்பவர்கள் இத்தனை குப்பையா இதற்குள் இருந்தது என்று மலைத்துப்போவார்கள். கீறிய கோடுகளில் ரைகிராஸ் என்ற புல்லின் விதையைத் தூவுவோம். அதன்மேல் களிமண் கலந்த நயமான மண்ணைப் பரப்புவோம். நூறு பங்கில் முப்பது பங்கை ஒட்டிக் களிமண் இருக்கும். உலர்ந்தால் கல்லாக இறுகுவதும் பந்து எழும்புவதும் அதனால்தான். ஒரு பிட்சுக்கு 25 கிலோ மூட்டையில் ஆறிலிருந்து எட்டு வரை பிடிக்கும். அதை நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் இழுத்து இழுத்துச் சமன்படுத்துவது முதுகை ஒடிக்கும் வேலை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது காதுமடலில்கூட மண் இருக்கும். முடிந்தபின் பார்த்தால் நம்மூர் நாற்றங்காலேதான். காவலுக்கு ஆள் இல்லாத குறை ஒன்றுதான், புறாக்கள் கூட்டமாக இறங்கிவிடும்.

இதில் தாமதம் ஏன் கூடாது என்றால், ரைகிராஸ் முளைப்பதற்கு மண்ணில் கதகதப்பு வேண்டும். செப்டம்பர் நடுவில் போட்ட விதை ஏழு முதல் பத்து நாளில் பச்சை காட்டிவிடும். அக்டோபர் கடைசியில் போட்டால் வாரக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், முளைத்ததும் பூஞ்சை நோயில் மாட்டும். உறைபனிக்கு முன் வேர் இறங்காவிட்டால் ஏப்ரலில் பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாது. புதிதாகப் போட்ட மண் பழைய மண்ணோடு சேராமல் ஏடாகப் பிரிந்துவிட்டால் அந்தக் குறை பல ஆண்டுகளுக்குத் தொடரும். இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்: அக்டோபரில் இரண்டு வாரம் கூடுதலாக ஆடினால் அது அடுத்த ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களிலிருந்து எடுத்துச் செலவழிப்பது. ஆடத் தகுந்த, வெயில் அடிக்கும் ஒரு நாளில் நாமாகவே நிறுத்திவிட்டு மண்ணை மூட வேண்டியிருக்கிறது. இங்கே இருப்பவர்களின் வருத்தத்துக்கு அடியில் இருப்பது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். மழை வந்து கெடுத்திருந்தால் வானத்தைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

கால்பந்தும் ஒரு காரணம், ஆனால் அதன் கனம் குறைந்துவிட்டது. ஷெஃபீல்டின் பிரமால் லேனில் 1973 வரை இரண்டு ஆட்டங்களும் ஒரே புல்வெளியைப் பகிர்ந்துகொண்டன. நார்தாம்ப்டனில் அது 1994 வரை நடந்தது. சிறிய கிளப்களில் இப்போதும் கிரிக்கெட்டின் எல்லைக்கயிற்றைச் சுருட்டுவதற்கு முன்பே கோல்கம்பம் வந்து நின்றுவிடும்.

வருத்தம் பாவனையா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் ஒரு பகுதி பாவனைதான், மறுக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகளில் இதைப் பற்றி உருகி உருகி எழுதியதால், வர்ணனையில் அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பகல் குறைவதால் மனம் சோர்வது பற்றி மருத்துவர்கள் சொல்வதும் இதில் ஓரளவு இருக்கலாம். அது என் துறை அல்ல. ஆனால் பாவனையே இல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் முன்பெல்லாம் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான். குளிர்காலத்தில் வேறு வேலை தேட வேண்டும். அடுத்த ஆண்டு தன்னைக் கூப்பிடுவார்களா என்பதும் செப்டம்பரில்தான் தெரியும். இப்போது ஆண்டு முழுதும் சம்பளம் என்றாலும், கவுண்டி யாரை விடுவிக்கிறது என்ற செய்தி இன்றும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வருகிறது. பார்வையாளர் பக்கம் எண்பதைத் தாண்டிய உறுப்பினர்கள் நிறைய. அவர்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கி, ஏப்ரலில் பார்ப்போம் என்று சொல்வதில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

செப்டம்பரின் குணமும் மாறிவிட்டது. பழைய நாளில் முக்கியமான ஆட்டங்கள் ஆகஸ்ட் கடைசியோடு அநேகமாக முடிந்துவிடும். செப்டம்பர் கடற்கரை ஊர்களின் திருவிழா ஆட்டங்களுக்கானது. 1948 ஆகஸ்டில் ஓவலில் ஆஸ்திரேலியாவின் பிராட்மேன் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் பூஜ்யத்தில் வெளியேறிய கதை நம் எல்லாருக்கும் தெரியும். அவர் அத்தோடு ஊருக்குப் போய்விடவில்லை. செப்டம்பரில் ஸ்கார்பரோ திருவிழாவில் 153 எடுத்தார், இங்கிலாந்தில் அவருடைய கடைசி முதல்தர ஆட்டம் அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்து மட்டையாளர் டெனிஸ் காம்ப்டன் ஒரே சீசனில் 3,816 ரன்னும் 18 சதமும் குவித்தபோது, பதினேழாவது சதம் ஹேஸ்டிங்ஸ் திருவிழாவில், பதினெட்டாவது ஓவலில், இரண்டுமே செப்டம்பரில். அந்த ஹேஸ்டிங்ஸ் மைதானம் இன்று கடைவளாகம். 2021 முதல் ஆகஸ்டைத் தி ஹண்ட்ரட் என்ற நூறு பந்துப் போட்டி எடுத்துக்கொண்டுவிட்டதால், சாம்பியன்ஷிப் பட்டம் இப்போது பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில்தான் முடிவாகிறது. இந்த மாற்றத்தை நான் விரும்பவில்லை. நடுக்கோடையில் வெயிலும் உலர்ந்த பிட்சும் இருக்கும் வாரங்களை நாலு நாள் ஆட்டத்திடமிருந்து பறித்துவிட்டு, அதை ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் தள்ளியது சுழற்பந்து வீச்சாளர்களுக்குச் செய்த அநியாயம். ஆனால் அதனால் கடைசி வாரத்துக்கு வந்திருக்கும் கனத்தையும் மறுக்க முடியாது.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பியன்ஷிப்பை ஒருமுறைகூட வென்றிராத சாமர்செட், தன் கடைசி ஆட்டத்தைச் சொந்த மைதானமான டான்டனில் ஒரு நாள் முன்னதாகவே வென்றுவிட்டது. செப்டம்பர் 23 அன்று லார்ட்ஸில் மிடில்செக்ஸும் யார்க்‌ஷயரும் ஆடிய ஆட்டம் டிரா ஆனால் பட்டம் சாமர்செட்டுக்கு. அதன் ஆட்டக்காரர்கள் டான்டனில் கூடி உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிராவால் தங்கள் இருவருக்குமே பயனில்லை என்பதால் லார்ட்ஸில் இரண்டு தலைவர்களும் பேசிவைத்து ஓர் இலக்கை அமைத்துக்கொண்டார்கள்: நாற்பது ஓவரில் 240. அதைத் துரத்திய யார்க்‌ஷயரின் கடைசி மூன்று விக்கெட்டுகளை மிடில்செக்ஸின் டோபி ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக்காக, தொடர்ந்து மூன்று பந்துகளில், வீழ்த்தினார். 1993-க்குப் பிறகு மிடில்செக்ஸுக்கு முதல் பட்டம். நீண்ட நிழல்கள் விழுந்த மாலை அது. மூன்று ஆண்டு கழித்து டான்டனில் எஸ்செக்ஸோடு மோதியபோது சாமர்செட்டுக்கு வெற்றி தேவைப்பட்டது, மழை விடவில்லை, பட்டம் எஸ்செக்ஸுக்குப் போனது. சாமர்செட்டுக்காக 27 சீசன் ஆடி ஓய்வுபெறும் மார்கஸ் டிரெஸ்கோத்திக் அந்தப் பதினொருவரில் இல்லை. கடைசிச் சில நிமிடங்களுக்கு அவரை மாற்று பீல்டராக உள்ளே அழைத்தார்கள். மைதானம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. வென்றவர்களுக்கும் அன்று கண் கலங்கியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நம்மவர்களுக்கும் இந்த வாரங்களில் பங்கு உண்டு. 2017-இல் அஸ்வின் வூஸ்டர்‌ஷயருக்கு வந்தது சீசனின் கடைசிப் பகுதிக்குத்தான். அந்த ஆண்டு அந்த அணி இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது. 2023 செப்டம்பரில் சாய் சுதர்சன் சர்ரேக்கு ஆடினார், சர்ரே பட்டத்தையும் வென்றது. 2018 செப்டம்பரில் ஓவலில் இந்தியாவுக்கு எதிராக அலஸ்டேர் குக் தன் கடைசி இன்னிங்ஸில் 147 எடுத்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். பீல்டிங்கில் பும்ரா எறிந்த பந்து யாரும் தடுக்காமல் எல்லைக்குப் போய்த்தான் அவருக்குச் சதம் வந்தது.

பூமி சூடாகிவருவதால் எதிர்காலத்தில் சீசன் நீளுமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். மண் கூடுதல் நாட்கள் கதகதப்பாக இருந்தால் விதைக்கும் தேதி சற்றுத் தள்ளலாம், அது நடக்கக்கூடியதே. சூரியன் மறையும் நேரத்தை எந்த வெப்பமும் மாற்றப்போவதில்லை. ஆகவே ஒரு வாரம் நீளலாம், ஒரு மாதம் நீளாது என்பது என் கணிப்பு.

நேரில் வருவதாக இருந்தால் கட்டாயம் வாருங்கள். லார்ட்ஸையும் ஓவலையும் விட்டுவிட்டு டான்டன், கேன்டர்பரி, செம்ஸ்ஃபோர்ட் போன்ற சிறிய மைதானங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடைசிச் சுற்றின் நான்காவது நாள் ஆட்டமே இல்லாமல் போய்விடக்கூடும். மூன்றாவது நாளுக்கு டிக்கெட் எடுப்பது நல்லது. மேற்குப் பக்கத்து இருக்கைகளில் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் நிழல் ஏறிவிடும், எனவே கிழக்குப் பக்கத்தில் மேற்குப் பார்த்து உட்காருங்கள். கறுப்புக் கண்ணாடியும் கம்பளி உடையும் இரண்டுமே வேண்டும். சில மைதானங்களில் இடைவேளையின்போது பார்வையாளர்களைப் புல்வெளிக்குள் விடுவார்கள். கயிற்றைத் தாண்டிப் போய் ஸ்கொயரை நெருங்கிப் பாருங்கள், பந்துவீச்சாளரின் கால் விழுந்த பள்ளங்கள் தெரியும். அங்கே சாவியைத் தரையில் குத்தி ஈரம் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றால் அவர்தான் மைதானப் பணியாளர். அவரிடம் விதை என்று போடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்த வாரத்தில் அவருக்குப் பேசப் பிடித்த விஷயம் அதுதான், நேரம் போவதே தெரியாமல் சொல்லிக்கொண்டிருப்பார்.